பஸ் நிற்கிற இடம் எவ்வளவு தூரம்?

“உனக்கென்ன விசரோ, கஸ்பர்? ஸ்காபரோவில இல்லாத கலியாண ஹோலோ?”

அக்கா றோசலின் தேத்தண்ணியைத் தொடவேயில்லை. மகள் ஷரோனின் கலியாணத்தை இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் வைக்கப்போகிறேன் என்று தம்பி சொன்ன நாளிலிருந்து அவவுக்கு நெஞ்செரிச்சல்.

கனடாவுக்கு வந்து, கூரை வேலை செய்தே மில்லிக்கனில் வீடு வாங்கிய மனிசன் கஸ்பர். ஒரு பெட்டி ஆணிக்கு மூன்று கடை ஏறி இறங்குவார். குறைக்க மாட்டேன் என்றவனோடு சண்டை பிடித்துவிட்டு, அடுத்த நாள் அவனிடமே போய்க் குறைத்து வாங்குவார்.

அப்பேர்ப்பட்டவர், போர்த்துக்கலில் இதைவிடப் பெரிய மாளிகை பாதி விலைக்குக் கிடக்குது என்று மனைவி அன்ரனெற் காட்டியபோது திரும்பியும் பார்க்கவில்லை.

“எல்லாம் பவுசு,” என்றா றோசலின். “அங்க வைச்சா, மாப்பிள்ளைப் பகுதியில ஆக்கள் இல்லை எண்டதும் சனத்துக்குத் தெரியாது. தகப்பன் இல்லை. தாய்க்கும் கனடா விசா இல்லையாம்.”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மாப்பிள்ளை றொய்சன் தலை குனிந்தான்.

வேறு நாளென்றால் கஸ்பர் மேசையில் அடித்திருப்பார். நல்ல காலம், ஐபாட்டில் வீடியோ அழைப்பு வந்தது. மாளிகைக்காரி செரீனா.

அவ கமராவைச் சுற்றிக் காட்டினா. இடிந்து கிடந்த கட்டடத்தை அவவும் தகப்பனும் கல் கல்லாக எடுத்து நிறுத்தியிருந்தார்கள். கூரையைக் கண்டதும் கஸ்பர் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பழைய ஓடுகளையே கழுவி அடுக்கி, உடைந்ததுக்கு மட்டும் புதிது சுட்டுப் போட்டிருந்தது.

“கைதேர்ந்த வேலை,” என்றார், ஒருத்தரையும் லேசில் புகழாத மனிசன். “இதைத் தொட்டவனுக்குப் பொறுமை இருந்திருக்கு.”

பிறகு தொடங்கியது பேரம். பூவில் இறக்கினார், கதிரையில் இறக்கினார், சாப்பாட்டிலும் இறக்கினார். கடைசியில் செரீனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் சரியென்ற பிறகும் மனிசன் விடவில்லை.

“பஸ் நிற்கிற இடம் வாசலில இருந்து எவ்வளவு தூரம்?”

மேட்டுக்குக் கீழே, ஏறி வரக் கொஞ்சம் கஷ்டம்தான் என்றா அவ. அப்படியென்றால் கலியாணத்தன்று காலமை அங்கே ஒரு கார் நிற்க வேணும், இல்லாவிட்டால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று கஸ்பர் ஒரே பிடியாகப் பிடித்தார். செரீனா அதற்கும் ஓம் என்றா.

அழைப்பு முடிய, றோசலினுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

“பிளேனில போற கூட்டத்தில ஆரடா பஸ்ஸில வாறது?”

“றொய்சன்ர அம்மா. பலெர்மோவிலதான் இருக்கிறா. அகதி வழக்கு முடியுமட்டும் அவ இத்தாலியை விட்டு வெளிக்கிட ஏலாது.”

றொய்சன் தலையை நிமிர்த்தினான். கஸ்பர் அவனைப் பார்க்காமல் ஐபாட்டை மூடினார்.

“மாப்பிள்ளையின்ர தாயை மேடு ஏற விடுறதோ, அக்கா?”