நீ முன்னால போ, நான் வர்றேன்

கிட்ட வந்து உட்காருங்க. தேசம் தேசமாய் சைக்கிள்கள் வந்து ஓடிய பழைய உலகப் பந்தயக் கதை இது. அப்பெல்லாம் மண்ரோடுதான். வேலையைப் போட்டுவிட்டு ஊரே வேலியோரம் நிற்கும். அந்தப் புழுதி வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஜெயித்த சைக்கிளுக்கு ஒரு வருசம் ராஜ மரியாதை.

கடைசி மேட்டைத் தாண்டி சிவப்பு சைக்கிளும் நீல சைக்கிளும் மட்டும் முன்னால் வந்தன. எதிர்காற்று முகத்தில் அடித்தது. முன்னால் போகிறவன் காற்றோடு மல்லுக்கட்டணும். பின்னால் ஒட்டி வருகிறவன் சுகமாய் வந்து, முடிவுக் கோட்டுக்கிட்டே முந்திவிடலாம்.

"அண்ணே, பெரியவங்க நீங்க முன்னால போங்க," என்றது நீலம்.

"இளரத்தம் நீ, போ ராசா."

"உங்களைத் தாண்டிப் போனா மரியாதையாவா இருக்கும்?"

"காலையிலேர்ந்து முட்டித் தள்ளினியே, அப்ப எங்கடா போச்சு இந்த மரியாதை?"

பேசப் பேச வேகம் குறைந்து, ஆட்டுக்குட்டி நடையாகிவிட்டது. ஒன்றின் மேல் ஒன்று வைத்த கண்ணை எடுக்கவில்லை. சனங்கள் போட்ட கூச்சலையும் தங்களுக்கென்றே நினைத்துக்கொண்டன.

பின்னால் ஒரு கிழட்டுக் கறுப்பு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. மிதிப்பதை நிறுத்தினால் அதன் பின்சக்கரம் டிக்டிக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ரோட்டின் மறுஓரம் ஒதுங்கி, கோட்டைத் தாண்டும்வரை அது மிதிப்பதை நிறுத்தவே இல்லை.