மோட்டாருக்கு ரெஸ்ட்

கட்டை அவிழ்த்ததும் வாடை மூக்கில் ஏறியது. காயம் நேற்றைவிட மோசமாக இருந்தது.

மில்லுக்காரர் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சதையோடு ஒட்டியிருந்த துணியைப் பிய்த்தெடுத்தபோதுகூட முனகவில்லை. வார்டில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம்தான். சாப்பாடு வந்தால் எழுவாள். சாப்பிட்டதும் தட்டை எங்கே கழுவுவது என்று கேட்பாள். நீ கழுவ வேண்டாம் என்றால் நம்பாமல் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன். கூட வேலை பார்ப்பவள் விடுப்பில் போனதால் அவள் வார்டும் என் தலையில்தான். குனிந்தால் இடுப்பு வலித்தது, நிமிர்ந்தால் கால் வலித்தது. உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டார்கள்.

மாவு மில்லில் எடைக்கல் விழுந்து பாதத்தின் மேல்பக்கம் கிழிந்திருந்தது. எலும்பு முறியவில்லை. உடம்பில் சர்க்கரையும் இல்லை. இதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டிய புண்.

ஆறுவதுபோலத்தான் தெரியும். மறுநாள் அவிழ்த்தால் பச்சை ரணமாக இருக்கும். டாக்டர் மருந்தை மாற்றினார், ஊசியை மாற்றினார். கடைசியில் இவளுக்கென்றே ஒரு மஞ்சள் களிம்பை வரவழைத்தார். அதற்கும் அசையவில்லை. நான் சுத்தமாகக் கட்டுவதில்லை என்று எல்லார் முன்னாலும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

ஊசி போடப் போனால் அவள் வளையலில் தொங்கும் ஊக்கு என் கையுறையில் மாட்டும். கழற்றி வை என்றால், ஏதோ பிறந்த வீட்டுச் சீதனம்போல மறுகையால் பொத்திக்கொள்வாள்.

அவள் கணவர் கெட்டவர் இல்லை. குடிப்பவரும் இல்லை, அடிப்பவரும் இல்லை. தினமும் வந்து கட்டில் ஓரம் நின்று மில் சங்கதி பேசுவார். ஆள் இல்லாமல் மூட்டைகள் அப்படியே கிடக்கின்றன, பிள்ளைகள் சோறு சோறு என்று பறக்கிறார்கள், போதாக்குறைக்கு மோட்டார் வேறு சூடாகிறது என்பார்.

"மதியத்துல மோட்டாருக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தே ஆகணும் சிஸ்டர். இல்லன்னா காயில் கம்பி எரிஞ்சிடும்" என்று எனக்கே ஒருநாள் பாடம் எடுத்தார்.

மோட்டார் நிற்கும் நேரத்தில் நீ என்ன செய்வாய் என்று அவர் போனதும் இவளைக் கேட்டேன்.

அந்த நேரத்தில்தான் வீட்டு வேலையாம்.

சேர்ந்த அன்று டாக்டர் முழு ரெஸ்ட் வேண்டும் என்று சொன்னபோது, அதைக் கணவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கெஞ்சினாளே, அது இப்போது ஞாபகம் வந்தது. அன்று எல்லாரும் சிரித்தோம்.

இன்று அவிழ்த்த கட்டைத் திரும்பப் போடுமுன் டாக்டர் வந்தார். புண்ணைப் பார்த்தார். கட்டில் ஓரம் நின்ற கணவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தவில்லை. பேச்சு எங்கள் காதில் விழுந்தது.

எலும்புவரை போய்விட்டது. நாளைக்குப் பாதி பாதத்தை எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் முழங்காலுக்கு வந்துவிடும்.

கணவர் கேட்டார்.

"எடுத்துட்டா, நின்னு வேலை செய்ய முடியுமா டாக்டர்?"

மயக்கம் போட்டிருப்பாளோ என்று நாடி பார்க்க அவள் கையைத் தூக்கினேன். வளையல்கள் சரிந்தன. ஊக்கு திறந்திருந்தது.

அதன் முனையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அந்தக் களிம்புதான். நேற்று நான் என் கையால் புண்ணுக்குள் வைத்து, மேலே இத்தனை சுற்றுத் துணி சுற்றி மூடியது.

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. எத்தனை நாள், எத்தனை திட்டு! அதற்குள் பார்வை அந்தப் புண்ணுக்குப் போனது. வலிக்குமே. பச்சைப் புண்ணில் ஊக்கை விட்டுக் கிளறினால் உயிர் போகுமே. போர்வைக்குள் சத்தம் வராமல் எப்படிப் பொறுத்தாள்?

மூடியிருந்த இமைக்குள் கண் அசைந்தது. தூங்கவே இல்லை.

ஊக்கைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் காதருகே குனிந்தேன்.

"பைத்தியமா உனக்கு? இப்பவே போய் டாக்டர்கிட்ட சொல்றேன். இனிமே கைய வைக்காம இருந்தா காலு தப்பிக்கும்மா. வீட்டுக்கே போயிடலாம்."

வீடு என்றதும் கண்ணைத் திறந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூட்டை தூக்கிப் பழகிய பிடி, உதற முடியவில்லை.

வராந்தாப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கணவர் டாக்டரோடு கேட்காத தூரத்துக்கு நகர்ந்திருந்தார். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் பயமே இல்லை.

"சிஸ்டர், காலை எடுத்தா எத்தன நாளைக்கு ரெஸ்ட் குடுப்பாங்க?"