கிளெமின் முடியாத மெட்டு

"திருடி!" என்று கத்திக்கொண்டேதான் கிளெம் வேலியைத் தாண்டினார். ஐம்பத்தெட்டு வயதில் வேலி தாண்டுவது லேசான காரியமில்லை. கம்பியில் மாட்டிய கால்சட்டையை விடுவித்துக்கொண்டு, மறுபடியும் ஒரு தடவை "திருடி!" என்றார்.

பக்கத்து வீட்டு நெரிடா, சமையலறை மேசையில் ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார்.

"முன்கதவு திறந்துதானே கிடக்கு, கிளெம்? சுத்தி வந்திருக்கலாமே. டீ குடிக்கிறியா?"

"என் மெட்டைத் திருடிட்டு, எனக்கே டீ வேற குடுப்பியா?"

விஷயம் இதுதான். கிளெம் புல்லாங்குழல்காரர். தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக ஒரே ஒரு மெட்டைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். அதன் மூன்றாவது சுரம் அவருக்குத் திங்கட்கிழமை பிடிக்கும், வியாழக்கிழமை பிடிக்காது. அப்பழுக்கில்லாமல் வந்த பிறகுதான் வெளியே விடுவது என்று சபதம் வேறு. முடிவு மட்டும் இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் டாம்சின் என்ற பட இயக்குநர் விடாமல் கேட்டதால், மனமே இல்லாமல், மெட்டு இருந்தவரைக்கும் வாசித்து அனுப்பினார். அவருக்கு அமைந்த முதல் பட வாய்ப்பு அது. இந்த வயதில் இன்னொன்று வரப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும்.

இன்று மத்தியானம் டாம்சின் போன் செய்தார். "மெட்டு பிரமாதம் கிளெம். ஆனா என் பொண்ணு இதைப் போன மாசமே கேட்டிருக்காளாமே? யாரோ நெரிடாங்கறவங்க போடற வீடியோவுல வருதாம்" என்றவர், போனிலேயே அதைக் கொஞ்சம் கேட்க வைத்தார். "உங்களோடதுதான்னா, அஞ்சு மணிக்குள்ள முடிவோட முழுசா அனுப்புங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

நெரிடா ஏழு வருடமாக, மழையோ பனியோ, தினமும் காலை ஆறரைக்கு ஒரு வீடியோ போடுகிறவர். காட்டோரம் நடக்கும்போது கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாம் அப்படியே அதில் ஏறிவிடும். கை நடுங்கும், படம் சாயும். ஆனாலும் இன்றைக்கு இரண்டு புத்தகம் வந்துவிட்டது, வாரம் ஒருநாள் ரேடியோவில் பேசுகிறார். கிளெமுக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல்.

"போன வாரம் பாதி நேரம் உன் செருப்பைத்தான் காட்டினே. அதுக்குப் பேரு கலையா?"

"அதைத்தாம்பா நிறையப் பேர் பாத்தாங்க."

"மரியாதையா ஒத்துக்கோ. என் கொட்டகையில மைக்கை ஒளிச்சு வச்சிருக்கே."

"என் மூக்குக் கண்ணாடியை எங்க வச்சேன்னே எனக்குத் தெரியல. இதுல உன் கொட்டகையில மைக்கை வேற ஒளிச்சு வைக்கிறேனாக்கும்!"

"அப்ப காசு குடுத்து யாரையோ வாசிக்க விட்டிருக்கே. திருடினதுதான் திருடினே, ஒழுங்கா வாசிக்கத் தெரிஞ்ச ஆளாப் பாத்திருக்கக் கூடாதா? நடுவுல மரம் அறுக்கிற சத்தம் வருது! எந்த மடையன் புல்லாங்குழலுக்கு நடுவுல ரம்பத்தை விடுவான்?"

நெரிடா கத்தியைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார்.

"சாட்சியும் இருக்கு" என்றார் கிளெம். "என் மெட்டு முப்பத்திரண்டாவது அடியில நிக்கும். அதுக்கு மேல என்கிட்டயே கிடையாது. நீ திருடினதும் சரியா அங்கதான் நிக்கும். போடு, பாப்போம்!"

"நிக்கலேன்னா மன்னிப்புக் கேப்பியா?"

"முட்டி போட்டுக் கேக்கறேன்."

நெரிடா போனை ஜாம் பாட்டிலில் சாய்த்து வைத்தார். திரையில் ஈர மண்மேடு. அதன்மேல் ஒரு யாழ்ப்பறவை, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு அலகைத் திறந்தது.

புல்லாங்குழல் கேட்டது. கிளெமின் புல்லாங்குழலேதான். அந்த மூன்றாவது சுரம்கூட, திங்கட்கிழமைச் சுரம். நடுவில் பறவை ரம்பத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி மெட்டுக்குத் திரும்பியது.

"உன் கொட்டகைக்குப் பின்னாலதான் அது குடியிருக்கு" என்றார் நெரிடா. "ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா நீதானே பாடம் எடுத்தே? காதுல விழுந்ததையெல்லாம் அது பாடிடும். நல்லா வந்துச்சா வரலையான்னு உன்னை மாதிரி அது மண்டையைப் பிச்சுக்கிறதில்ல."

இந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கிளெமுக்குத்தான் ஆத்திரத்தில் தோன்றவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. இருந்தாலும் தோற்க மனமில்லாமல் விரல்விட்டு எண்ணினார். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

"இதோ நிக்கும் பாரு!"

நிற்கவில்லை. பறவை அதே மூச்சில் தன் சொந்தச் சரக்காக நாலு அடி மேலே போய், ஒரு சின்னக் குழைவோடு இறங்கி, அழகாக முடித்தது. முடித்த கையோடு வாலை மடக்கிக்கொண்டு புழு பொறுக்கப் போய்விட்டது.

கிளெமுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடமாக அவர் தேடியது அந்த நாலு அடியைத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை.

"மன்னிப்பு என்னாச்சு?" என்றார் நெரிடா.

அது அவர் காதில் விழவே இல்லை. வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒரு பென்சில் குடு, நெரிடா."