வாசனை சொன்னவர்

"கை என்னோடது, மூக்கு உங்களோடது. மனசுல பட்டதை அப்படியே சொல்லணும், சரியா?" என்றாள் மனைவி, புதினா இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டியபடி.

"இதுவரைக்கும் பொய்யா சொன்னேன்?" என்றான் கணவன்.

"எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்குன்னே சொல்றீங்களே, அதான் சந்தேகமா இருக்கு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பழகிப்போச்சு, என்ன பண்ணச் சொல்றே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பயம் விடவில்லை. நாளைக்கு ஹோட்டல் மேனேஜர் முன்னால் புதிதாக ஒரு ஜின் காக்டெய்ல் கலந்து காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் பார் மேஜைக்குப் பின்னால் அவளுடைய பழைய இடம். பிடிக்காவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இனிப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரியும். வாசனை மட்டும் சுத்தமாகக் கிடையாது. இத்தனை வருஷம் வாசனையை வைத்தே பிழைத்தவளுக்கு இதைவிட வேறென்ன கொடுமை வேண்டும்? பாவம், வெளியே வாய் திறந்து சொல்லவும் முடியாது. அவள் கலப்பாள், அவன் முகர்ந்து சொல்வான். இப்படித்தான் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்பில் சர்க்கரைப் பாகு பொங்கி வழிந்தது. கணவன் ஓடிப்போய்த் துணியால் பிடித்துப் பாத்திரத்தை இறக்கினான்.

"அடுப்பை அணைச்சீங்களா?"

"பாகு வழிஞ்சதுல அதுவே அணைஞ்சிருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

பாகு ஆறட்டும் என்று ஆரஞ்சைத் தோல் சீவி, பொறுமையாகச் சாறு பிழிந்தாள். கை கழுவும்போது ஜன்னல் வழியே விளக்கு வெளிச்சத்தில் தெரு தெரிந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் கீழ்வீட்டு அக்கா நின்றுகொண்டு, அண்ணாந்து இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த அக்கா எதுக்கு நம்ம வீட்டையே பாக்கறாங்க?"

"அவங்களுக்கு வேற என்ன வேலை? விடு."

விட்டாள். ஜின்னை அளந்து ஊற்றினாள். ஐஸ் எடுக்கத் திரும்பியபோது அக்காவின் பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர். அடுத்த முறை பார்த்தபோது கட்டடத்திலிருந்த அத்தனை பேருமே அங்கே நின்றார்கள். ஒருவர் கண்ணிலும் சிரிப்பில்லை. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் தெருக்கோடிக்கு நடந்தாள். இன்னொருவர் கையை மேலே தூக்கி ஆட்டினார். வண்டிச் சத்தத்தில் வா என்கிறாரா போ என்கிறாரா, ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் வாயையும் மூக்கையும் துணியால் பொத்தியிருந்தார்கள்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "பாருங்க, என்னைப் பாத்து மூஞ்சியைப் பொத்தறாங்க. இன்னும் அந்த பார் வேலைக்கா போறேன்னு அக்கா போன வாரமே கேட்டாங்க."

"அவங்களா நமக்குச் சோறு போடறாங்க? ஜன்னலைச் சாத்து."

படீரென்று சாத்தித் திரையையும் இழுத்துவிட்டாள். தெருச் சத்தம் அடங்கியது. அடங்கியதும்தான் பயம் அதிகமானது. தலை பாரமாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் கிளம்பியது. நாளை நினைப்புதான் இந்தப் பாடு படுத்துகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு குலுக்கியை எடுத்துக் குலுக்கினாள்.

பட்டென்று விளக்கு அணைந்தது.

கணவன் திரையை லேசாக விலக்கிப் பார்த்தான். "எதிர்வீட்டுல எரியுதே. நம்ம கட்டடத்துல மட்டும்தான் போயிருக்கு."

"எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க."

"வேலையை முடி. முடிச்சா எல்லாம் சரியாயிடும்."

இருட்டில் தட்டுத் தடுமாறி வடிகட்டி, கிளாஸை அவன் கையில் கொடுத்தாள். அவன் மூக்கருகே பிடித்தான். ஒரு வாய் குடித்தான். அவள் இன்னும் நெருங்கி நின்றாள்.

"முதல்ல புதினா வருது. அப்புறம் ஆரஞ்சு. ஜின் கடைசியா, மெதுவா வருது."

"நிஜமாவா?"

அவன் ஒரு நொடி தயங்கினான். "உன் மேல சத்தியமா."

அவள் அவன் தோளில் முகம் வைத்து அழுதேவிட்டாள். ஒரு மாதத்துப் பாரம் அப்படியே இறங்கியது. இனி மேனேஜர் என்ன, அவர் முதலாளியே வரட்டும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க. இந்த ரோஸ்மேரி இலைக் கொத்தோட நுனியை நெருப்புல காட்டி, புகையோட கிளாஸ்ல சொருகணும். அந்த வாசனையையும் சொல்லிடுங்க."

"சொல்லிட்டாப் போச்சு," என்று அவன் தடவித் தடவித் தீப்பெட்டியை எடுத்தான். குச்சியை உருவினான்.

வாசல் கதவை யாரோ உள்ளங்கையால் படபடவென்று தட்டினார்கள்.

"தம்பி, நெருப்பைப் பத்த வைக்காதீங்க! ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க!" கீழ்வீட்டு அக்காவின் கம்மிய குரல். "உங்க வீட்டுலேர்ந்து கேஸ் தெரு வரைக்கும் நாறுது. கரண்ட் மெயினை நாங்கதான் அணைச்சோம். கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. உள்ள இருக்கற உங்களுக்கா தெரியல?"

குச்சி கணவனின் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். இருட்டில் முகம் தெரியவில்லை, அவன் குரல் மட்டும் வந்தது.

"உனக்குக் காய்ச்சல் வந்தப்பவே எனக்கும் மோப்பம் போயிடுச்சும்மா. சொன்னா நீ கலக்கறதையே விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."