தோளில் ஒரு கை

"நேத்து மேடையில அந்த ஷெரில் எத்தினி வாட்டி உங்க தோளத் தொட்டா?" நாஷ்டா தட்டைக் கணவன் முன்னால் டங்கென்று வைத்தாள் ஜபீன்.

"பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு சிக்னல். அதுக்குப் போய் பேஜார் பண்றியே!" என்று சிரித்தான் சர்ஃபராஸ்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஃபேக்டரியில் பல வருடமாகச் காதைப் பிளக்கும் சம்மட்டி மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன், இந்தக் கோடையில் சனிக்கிழமைதோறும் சென்னை ஓட்டல்களில் ராக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தான். நேற்று முதல்முறையாகப் பார்க்கப் போன ஜபீனுக்கு வயிறு பற்றி எரிந்தது. பாட்டுக்குப் பாட்டு பாடகி வந்து அவன் தோளைத் தட்டினாள். அவனோ அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

சாப்பிட்டு முடித்த சர்ஃபராஸ், கை கழுவத் திரும்பி நின்றான்.

"அவ உதட்டையே பாத்துக்கினு இருந்தீங்களே, அதுவும் சிக்னலா?"

அவன் கையில் சோப்புப் போட்டான்.

"அவ மேல ஆசையா? வாயத் தெறந்து சொல்லுங்க!"

அவன் திரும்பவே இல்லை. ஆத்திரம் தாங்காமல் எவர்சில்வர் குடத்தைத் தூக்கி அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் டமாலென்று போட்டாள்.

"இன்னாச்சு ஜபீன்?" பக்கத்து வீட்டு ஹாஜிரா பதறி ஓடிவந்தாள்.

சர்ஃபராஸ் நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

ஜபீன் மெல்லப் போய் அவன் தோளைத் தட்டினாள்.

திரும்பியவன், அவள் உதட்டைப் பார்த்தான்.