முள்ளம்பன்றி கட்டிய நீலத் துணி

அடிக்கடி பனிமூட்டம் இறங்கும் காடு அது. பனிக்குள் வழி தவறியவர்களை, கழுத்தில் நீலத் துணி கட்டிய மான்தான் தேடிப்போய் அழைத்துவரும். வயதானதும் அது அந்தத் துணியை அவிழ்த்து முள்ளம்பன்றியின் கழுத்தில் கட்டிவிட்டது.

மானின் பரம ரசிகனான அணிலுக்கு ஆத்திரம் பொங்கியது. “குட்டைக் காலும் முள்ளுமா இருக்கிறதுக்கு இது எதுக்கு? நீலத் துணி மானுக்குத்தான்!” என்று மரம் மரமாகப் போய்ச் சொன்னது.

ஒரு காலையில் அணிலே பனிக்குள் சிக்கிக்கொண்டது. மேலும் கீழும் ஒரே வெண்மை. மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது. அடுத்த அடியில் பாறையா பள்ளமா, தெரியவில்லை. நடுங்கி நின்றபோது சலசலவென்று ஒரு சத்தம் வந்தது.

“சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வா, அணிலு,” என்றது முள்ளம்பன்றி, முட்களை உதறியபடி.

அணில் அப்படியே நடந்து தன் மரத்தடிக்கு வந்துசேர்ந்தது.

“மானா இருந்தா இன்னும் வேகமா கூட்டிவந்திருக்கும்,” என்றது மூச்சு வாங்க.

“ஆமா, அவர் வேகமே தனி,” என்ற முள்ளம்பன்றி, எங்கோ ஒரு முயல் அழுவதைக் கேட்டு மறுபடியும் பனிக்குள் போனது.

சலசலப்பு தேய்ந்து மறைந்தது. அது திரும்பக் கேட்கும்வரை அணில் மரமேறவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.