இடைவேளைக்குப் பிறகு

"துப்பறிய வந்தவனுக்கு நடிக்கவே தெரியாது. பிணத்துக்குப் பக்கத்திலை நிண்டு சீப்பாலை தலை இழுக்கிறான்" என்றாள் நேசமலர்.

சொதியில் ஊறின இடியப்பத்தைக் குழைத்து ஒரு வாய் ஊட்டினாள். சாக்குக் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் வீரகத்தி, அதை விழுங்காமல் அவள் வாயையே பார்த்தான்.

அவனுக்குப் பாரிசவாதம் வந்து பதினாலு மாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாக்கும் எழும்பவில்லை. கண்ணும் காதும் புத்தியும் மட்டும் பழையபடி.

பக்கத்தில் இருந்து ஏதாவது கதைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு அவனும் கதைப்பான் என்று டொக்குத்தர் சொல்லியிருந்தார்.

கதைக்க அவளிடம் என்ன இருந்தது? வயலும் வாய்க்காலும் அவனுக்குத் தெரிந்தவைதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கிளிநொச்சித் தகரக் கொட்டகையில் பகல் காட்சி, மற்றினிப் படம் பார்த்துவிட்டு வந்து, திங்கள் காலமை சொல்லத் தொடங்கினாள்.

வருத்தம் விழுத்துமுன் கண்டாவளையில் படம் என்றால் வீரகத்திதான். குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்த நாள்முதல், யாழ்ப்பாணமோ வவுனியாவோ, அவன் பார்க்காத படம் இல்லை. நேசமலரை ஒரு நாளும் கூட்டிப்போனதில்லை.

படங்களைப் பற்றித் தனக்கு இவ்வளவு சொல்ல இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

வாள்சண்டைப் படத்தில் இளவரசனைவிட அவனுடைய குதிரை நன்றாக நடித்தது என்றாள். சாமிப் படத்தில் அம்மன் சாய்ந்ததும் கோயிலின் அட்டைத் தூண் ஆடியதாம். சனம் அதையும் கும்பிட்டதாம். குடும்பப் படத்தில் சயரோகக்காரத் தாய் இருமலுக்கு நடுவே மூச்சுவிடாமல் இரண்டு பாட்டுப் பாடியதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. பகிடிப் படம் மட்டும் பிடித்திருந்தது. பஸ்ஸிலும் சிரித்துக்கொண்டே வந்தாளாம்.

எல்லாம் சொன்னாள், பாட்டுக்கூட விடாமல்.

முடிவை மட்டும் சொல்லவில்லை.

இளவரசன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் இன்னும் தொங்குகிறான். சயரோகக்காரி மகனின் கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. அந்த இடம் வந்ததும் நேசமலர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள்.

முதல் கிழமை வீரகத்தி காத்திருந்தான். இரண்டாம் கிழமை முனகினான். மூன்றாம் கிழமை இடக்கையால் கட்டில் சட்டத்தில் அடித்தான். குசினிக்குள் நின்று அந்தச் சத்தத்தை அது ஓயும்வரை கேட்டாள். நாலாம் கிழமை அவனுக்குக் கண்ணீர் வடிந்தது. வந்து சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

சொல்லவில்லை.

முடிவுகளையெல்லாம் வாய்க்காலில் உடுப்புத் தோய்க்கும்போது பக்கத்துக் காணி விமலேஸ்வரிக்குச் சொல்லுவாள். இப்படி ஒரு மனிசி கிடைக்க அந்த மனுசன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விமலேஸ்வரி உருகுவாள்.

இன்றைக்குத் துப்பறியும் படம். மழை, பங்களா, செத்துக் கிடக்கும் பணக்காரி. தலை இழுத்தவன் ஐந்து பேரை ஒரே அறைக்குள் நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டான்.

"'கொலைகாரன் இந்த அறைக்குள்ளைதான் நிக்கிறான்' எண்டு சொல்லிப்போட்டு, விரலை மெல்ல மெல்லத் தூக்கினான்..."

கோப்பையை எடுத்தாள். எழும்பினாள்.

"ஆர்?"

கரகரத்து, பாதி காற்றாய் வந்தது. என்றாலும் சொல்தான். பதினாலு மாதத்துக்குப் பிறகு.

நேசமலர் குசினி வாசலில் நின்றாள். அந்தக் கேள்வியை அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அவளும் கேட்டதுதான்.

பதினொரு வருடத்துக்கு முன் வவுனியாவில் படம் பார்த்துவிட்டு வந்து, முற்றத்தில் கூட்டாளிகளுக்கு அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். குசினி வாசலில் நின்று கேட்டவள் தன்னை மறந்து, பிறகு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டாள். அவன் எழும்பி வந்து அத்தனை பேருக்கும் முன்னால் அறைந்தான். இடது காதால் இரண்டு நாள் இரத்தம் வடிந்தது. அதோடு அந்தக் காது செத்துப்போனது.

"ஆர்... ஆர்?" வீரகத்தியின் வாய் கோணிக் கோணி இழுத்தது.

அவள் திரும்பி வந்தாள். கோப்பையை நிலத்தில் வைத்தாள். கட்டிலோடு முழந்தாளிட்டு, தலையைத் திருப்பி, காதை அவன் வாயோடு கொண்டுபோய் வைத்தாள்.

"என்ன கேட்டனீங்கள்? விளங்கேல்லை. இன்னும் உரத்துச் சொல்லுங்கோ."

எந்தக் காது என்று அவனுக்குத் தெரியும்.